உடல் விடுக்கும் ஓலை

1865-ஆம் ஆண்டு. பாரிஸ் மாநகரில் நோத்ர்தாம் பேராலயத்தின் அருகே, அகுஸ்தீனார் சபைக் கன்னியர் நோயாளருக்குத் தொண்டு புரிந்துவந்த 'ஓத்தெல் தியே' மருத்துவமனை. அங்கே அர்மான் துரூசோ என்னும் புகழ்பெற்ற மருத்துவர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். காயமோ வேறு காரணமோ இன்றிக் கால் நாளங்களில் இரத்தம் உறைந்து வீக்கம் காணுமாயின், உள்ளே எங்கேனும் புற்றுநோய் மறைந்திருக்கக்கூடும். வயிற்று நோயின் தன்மை தெளிவாகாதபோது இவ்வடையாளம் ஐயத்தைத் தீர்க்கும் என்றார்.

ஈராண்டுகள் கழிந்தன. 1867-ஆம் ஆண்டு பிறந்த நாளிலே, அதே அடையாளம் தம் உடலில் தோன்றக் கண்டார் துரூசோ. தமக்கு வந்திருப்பது இன்னதென இனி ஐயமில்லை என்று தம் மாணவரிடம் கூறினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

வயிற்றில் நோய் இருக்கக் காலில் ஏன் இரத்தம் உறைகின்றது? பாலில் உறைமோர் சேர்ந்ததும் தயிராய்த் தோய்வதை இல்லத்தரசியர் அறிவர். அதுபோல, புற்றணுக்கள் வெளிவிடும் சில பொருள்கள் காயமில்லாத இடத்திலும் இரத்தத்தை உறையச் செய்கின்றன. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நோய் முற்றிய சிலருக்கோ, உறையவைக்கும் பொருள்களெல்லாம் செலவழிந்து, இரத்தம் நில்லாமல் கசியவும் கூடும். உறைதலைத் தடுக்கும் மருந்துகள் இன்று உண்டு. ஆயினும் இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி பெருகாதவாறு, அளவறிந்து மருத்துவரே அவற்றைத் தரவேண்டும்.

நோயாளரைச் சந்திக்கச் செல்லும் இல்லங்களில், "காலில் நீர் கோத்திருக்கிறது, எண்ணெய் தேய்த்து நீவினால் வற்றிவிடும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் நீவிவிடலாகாது. உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருப்பின் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. கால் வீக்கமெல்லாம் புற்றுநோய் என எண்ணி அஞ்சவும் வேண்டியதில்லை. பிற காரணங்களே மிகுதி.

அதே இல்லங்களில் வாசற்படியருகே தாழ்ந்த குரலில் மற்றொன்றும் கேட்டிருக்கிறேன்: "சாமியாரை இப்போது அழைக்கவேண்டாம், அப்பா பயந்துவிடுவார்." அன்பினால் பிறந்த சொல்தான், ஆயினும் அதனால் நோயாளர் இழப்பது எவ்வளவு! உயிர் பிரியும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று இவ்வருட்சாதனம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவுறுத்தியது. 'அவஸ்தைப்பூசுதல்' என நம் முன்னோர் அழைத்ததை இன்று 'நோயில்பூசுதல்' என்கிறோம். நினைவு தெளிவாயிருக்கையில், மனைவி மக்கள் சூழ்ந்து செபிக்க, தாமும் உடன் செபித்துப் பெறவேண்டிய வரம் அது.

உடல் விடுக்கும் ஓலையைப் பிரித்துப் படிக்க அஞ்சுவதால் செய்தி மாறிவிடாது, காலந்தான் குறையும். துரூசோ படித்தார், அவருக்கு ஏறத்தாழ ஆறு திங்கள் இருந்தன. மருத்துவத்துக்கும் மன்னிப்புக்கும் செபத்துக்கும் நம் நோயாளருக்குக் கிடைக்கும் நாள்களை நாமே மறைத்துக் குறைத்துவிடாதிருப்போம்.