முதல் வெள்ளி

அம்மாப்பேட்டையைத் தாண்டி நீடாமங்கலம் போகும் சாலை. செப்டம்பர் வெயில். தாரின் ஒரு பாதியில் குறுவை நெல் காய்கிறது. மறுபாதியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் போகிறார்கள். காவி வேட்டி, காவிப் புடவை, பாதத்தில் பழந்துணிக் கட்டு. நான்கு பேர் ஒரு சிறு தேரை இழுத்து வருகிறார்கள். உள்ளே மாதா, மேலே மைக்செட். நெல்லை மிதிக்காமல் எல்லோரும் ஒதுங்கி நடக்கிறார்கள். நெல்லுக்குக் காவல் நிற்கும் பெண் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 29 அன்று கொடி ஏறியாயிற்று. செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். நெல்லுக்கும் கெடு இருக்கிறது. ஈரம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். மேற்கே மேகம் கட்டுகிறது.

சாலையோர வீட்டுத் திண்ணையில் எவர்சில்வர் குடம், கவிழ்த்த டம்ளர், நாற்பது பக்க நோட்டு, நூலில் கட்டிய பேனா. பக்கத்தில் பாட்டி. வயது 83. இரண்டு முழங்காலிலும் தைல வாசனை. இந்தச் சாலையில் பல வருடம் நடந்தவள். இப்போது திண்ணை வரைக்கும்தான் நடை.

தண்ணீர் குடித்தவர்கள் நோட்டில் எழுதுகிறார்கள். மகள் கல்யாணம். அப்பாவின் குடி. துபாய் விசா. ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. எழுதத் தெரியாதவர்கள் பாட்டியின் காதில் சொல்கிறார்கள். அவள் முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறாள். ஒன்பது மணிக்குள் நான்கு முடிச்சு.

உள்ளே திரு இருதய ஆண்டவர் படம். அதன் முன்னால் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. கீழே பூண்டி மாதா காலண்டர். மாதத்தின் முதல் வெள்ளியைச் சுற்றி நீல மை வட்டம். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்குப் பங்குச் சாமி நன்மை, அதாவது நற்கருணை, கொண்டுவரும் நாள்.

சின்ன மேசையை மருமகள் துடைக்கிறாள். ஜூலையில் ஒரு ஞாயிறன்று பங்குக் கோயிலில் பாட்டிக்குப் போர்த்திய சால்வையை விரிக்கிறாள். தாத்தா பாட்டிகளுக்கென்று திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தொடங்கிய ஞாயிறு அது. அன்று வரிசையில் நாற்காலியோடு தூக்கி வரப்பட்டவர்களும் இருந்தார்கள். சால்வையின் மேல் வெள்ளைத் துணி. பாடுபட்ட சுரூபம். இரண்டு மெழுகுதிரி. ஒரு டம்ளர் தண்ணீர்.

இட்லித் தட்டு மூன்றாம் முறையாகத் திண்ணைக்கு வருகிறது.

"அத்தை, சுகர் மாத்திரை போடணும். சாப்பிடலாம்னு சாமியே சொல்லிட்டாரு."

பாட்டி சாலையைப் பார்க்கிறாள். நன்மை வாங்க ஒரு மணி நேரம் வயிறு காய்ந்தால் போதும் என்பது 1964-இல் வந்த விதி. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதுவும் கட்டாயமில்லை. அவள் புதுநன்மை வாங்கிய காலத்தில் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் கூடாது.

மருமகள் தட்டை இறக்குவதாயில்லை. பாட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். அரை இட்லியைப் பிட்டுக்கொள்கிறாள். மாத்திரை இறங்குகிறது. இரண்டு பேருமே வென்ற முகத்தோடு பிரிகிறார்கள்.

பத்தேகாலுக்குப் பங்குச் சாமியின் பைக். கழுத்தில் தொங்கும் சிறு பையை ஒரு கை பிடித்தபடியே இருக்கிறது. பையில் பொன்முலாம் பூசிய வட்ட டப்பி. மருமகள் மெழுகுதிரியை ஏற்றுகிறாள். பாட்டி சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறாள்.

"உட்காருங்க பாட்டி."

உட்காரவில்லை. "தோத்திரம் சாமி" என்று முடித்த பிறகுதான் நாற்காலி.

பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமி ஸ்டோலாவை ஊதாப் பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொள்கிறார். மருமகள் கொல்லைப்பக்கம் போகிறாள். தேய்த்த பாத்திரங்களை மறுபடி தேய்க்கிறாள், சத்தமாக. பாட்டியின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நகர்கிறது. ஆறாவது கணுவில் நிற்கிறது. வெகுநேரம் நிற்கிறது. சாமி தரையைப் பார்த்தபடி தலையாட்டுகிறார். அவசரப்படுத்தவில்லை.

கை உயர்கிறது. சிலுவை. ஸ்டோலா வெள்ளைப் பக்கம் திரும்புகிறது. பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

வெளியே ஒரு மைக்செட் நெருங்குகிறது. டப்பியைத் திறந்த கை காத்திருக்கிறது. பாட்டு வாசலைக் கடந்து போகிறது. பிறகு அப்பத்தை உயர்த்துகிறார். பாட்டி கையை நீட்டவில்லை. நாக்கை நீட்டுகிறாள்.

அடுத்தது எதிர்ச்சாரி வீடு. கயிற்றுக் கட்டிலில் தாத்தா. மகனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சாமியைப் பார்த்து, "ஆத்துல தண்ணி வந்துட்டா?" என்கிறார். மேட்டூர் திறந்து மூன்று மாதமாகப் போகிறது. "வந்துட்டு தாத்தா" என்கிறார் சாமி.

சாமி செபத்தைத் தொடங்குகிறார். இரண்டாவது வரியில் தாத்தாவின் குரல் சேர்கிறது. சாமியின் வரிகள் வேறு, அவருடையது பழைய பரலோக மந்திரம். சாமி தன் வரிகளை விட்டுவிட்டு அவருடையதற்கு மாறிக்கொள்கிறார். தாத்தா ஒரு சொல்லும் தவறாமல் ஆமென் வரைக்கும் போகிறார். அப்புறம், "தண்ணி வந்துட்டா?"

"வந்துட்டு தாத்தா."

அப்பத்தில் ஒரு சிறு துணுக்கு மட்டும். ஸ்பூனில் தண்ணீர். தொண்டை அசையும்வரை மகன் தகப்பனின் முதுகைத் தாங்கிக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம். மழை இரண்டு தூறலோடு நின்றுவிட்டது. சாலை நெல்லின் மேல் தார்ப்பாய். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன் திண்ணையில் நோட்டோடு உட்காருகிறான். ஐம்பத்து மூன்று மணி செபம் தொடங்குகிறது.

வெள்ளிக்கிழமை துயர மறையுண்மைகள். இதில் தகராறு இல்லை. வியாழக்கிழமைகளில்தான் இருவருக்கும் இழுபறி. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறையுண்மைகளைப் பேரன் சொல்வான். அப்பாயி பழையபடி சந்தோஷத் தேவரகசியங்களைச் சொல்வாள்.

ஒவ்வொரு பத்து மணி முடிந்ததும் பேரன் ஒரு பக்கம் வாசிக்கிறான். கையெழுத்து புரியாத இடத்தில் திக்குகிறான். "புரியாட்டியும் வாசி." அவளுடைய விரல் முந்தானையில் ஒரு முடிச்சை அவிழ்க்கிறது. அது என்ன என்று அவன் கேட்கிறான். பதில் இல்லை. அடுத்த மணி.

நான்காவது பத்தில் போன் அடிக்கிறது. கொள்முதல் நிலையத்திலிருந்து மகன். நேற்றிலிருந்து அங்கேதான். மருமகள் பேசிவிட்டு வருகிறாள்.

"பத்தொன்பது காட்டுதாம். நாளைக்கும் காய வைக்கணுமாம்."

செபமாலை அதே மணியில் நிற்கிறது.

"நோட்டுல எழுது."

பேரன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விசாவுக்கும் கல்யாணத்துக்கும் கீழே எழுதுகிறான். அப்பா. நெல். 19.

"பதினேழுன்னு எழுது" என்கிறாள் அப்பாயி.