மறுபடியும் எழுதப் போகிற பிள்ளைக்கு

பிழைப்புக்காகப் பெங்களூரு வந்து, பிள்ளையைச் சி.ஏ. படிக்க வைத்த பெற்றோர் சிலர் தேர்வு முடிவு வெளியானதும் ஜெபிக்கும்படி வருகின்றனர். பிள்ளை சரியாகப் படிக்கவில்லை என்பதே அவர்கள் முறையீடு. நான் முதலாவது மதிப்பெண் பட்டியலைக் கேட்பேன்.

ஏனெனில் ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண்ணும், மூன்று தாள் கொண்ட குரூப்பின் மொத்தத்தில் 50 விழுக்காடும் வேண்டும். மூன்றிலும் 45 பெற்றவன் எந்தத் தாளிலும் விழவில்லை. ஆயினும் 300-க்கு 135 மட்டுமே பெற்றபடியால் குரூப்பில் தேறவில்லை. 70, 70, 39 பெற்றவளும் தவறினாள். அவளுக்கோ, 60-க்குக் குறையாத அவ்விரு தாள்களுக்கும் அடுத்த மூன்று தேர்வுகள்வரை விலக்கு உண்டு. ஒரே தாளைச் சீர்ப்படுத்த வேண்டும். இவ்விருவரிடமும் "இன்னும் படி" என்று ஒரே சொல்லைச் சொல்லலாமோ?

விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் விடைத்தாளின் நகலைத் தரும். அந்நிறுவனமே வெளியிடும் மாதிரி விடைகளை அருகில் வைத்து ஒப்பிடச் செய்யுங்கள். கணக்கில் பிழையா, சட்டப்பிரிவை எழுதாமல் விட்டதா, நேரம் போதாமல் கடைசி வினா வெறுமையாய்க் கிடக்கிறதா என்பது அப்பொழுது தெரியும்.

அதே புத்தகத்தை நான்காம் முறை வாசிப்பது போதாது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்னும் ஆய்வாளர்கள், மாணவர் சிலரை ஒரு பகுதியை மீண்டும் வாசிக்கவும், சிலரை அதை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதவும் செய்தனர். ஐந்து நிமிடத்திற்குப் பின் சோதித்தபோது வாசித்தவர்கள் முந்தினர்; ஒரு வாரம் கழித்தோ எழுதியவர்களே அதிகம் நினைவுகூர்ந்தனர்.

ஆகவே பழைய வினாத்தாளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதட்டும். ஒற்றை அறை வீட்டில் அது எளிதன்று. தொலைக்காட்சியை நிறுத்துங்கள், விருந்தினரை வேறு நாளில் வரச் சொல்லுங்கள். அன்று உங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், வேறு வீட்டில் வைத்துக்கொள்வோம்.