பாதிப் பணம், முழுக் கணக்கு

துப்பறியும் கதை என்றால் இருட்டு வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். லண்டன் என்றால் பனிமூட்டம். நம்மூர் மாத நாவல் என்றால் நடு ராத்திரி, மழை, ஊருக்கு வெளியே ஒரு பங்களா. ஃபுளோரிடாவில் இதெல்லாம் செல்லுபடியாகாது. வருஷத்தில் பாதி நாள் கண்ணைக் கூசவைக்கும் வெயில், வெள்ளை மணல், ஷார்ட்ஸ் போட்ட ஓய்வூதியக்காரர்கள். இங்கே குற்றம் பட்டப்பகலில் நடக்கும். பத்திரத்தில், நோட்டரி முன்னிலையில், இரண்டு தரப்பும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு நடக்கும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு எழுதியவர் ஜான் டி. மெக்டொனால்ட். 1939-இல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்தவர். இரண்டாம் உலகப்போரில் சீனா–பர்மா–இந்தியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு அமைப்பில் வேலை பார்த்தார். தணிக்கை காரணமாக மனைவிக்கு உண்மையை எழுத முடியவில்லை. கடிதத்துக்குப் பதிலாக ஒரு சிறுகதை எழுதி அனுப்பினார். மனைவி அதை ஒரு பத்திரிகைக்கு 25 டாலருக்கு விற்றுவிட்டார். எழுத்தாளராக அவர் பிறந்தது இந்தியாவில் என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஒரு சின்ன உரிமை உண்டு.

1964-இல் அவர் டிராவிஸ் மெக்கீ என்ற பாத்திரத்தை உருவாக்கினார். ‘தி டீப் புளூ குட்-பை’ முதல் 1985-இல் வந்த ‘தி லோன்லி சில்வர் ரெய்ன்’ வரை 21 நாவல்கள். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு நிறம் இருக்கும். புத்தகத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டோமா என்று கடையில் குழம்பாமல் இருக்க நல்ல உத்தி.

மெக்கீ லைசென்ஸ் வாங்கிய துப்பறிவாளன் கிடையாது. ஃபோர்ட் லாடர்டேல் நகரத்தின் பஹியா மார் படகுத்துறையில், சீட்டாட்டத்தில் ஜெயித்த ஒரு படகு வீட்டில் வசிக்கிறான். படகின் பெயரே ‘பஸ்டட் ஃபிளஷ்’. தன்னை ‘மீட்பு ஆலோசகர்’ என்று சொல்லிக்கொள்வான். உங்களிடமிருந்து யாரோ எதையோ பறித்துவிட்டார்கள், போலீசும் கோர்ட்டும் கைவிரித்துவிட்டன என்றால் அவனிடம் போகலாம். மீட்டுக் கொடுப்பான். செலவு போக, மீட்டதில் பாதி அவனுக்கு.

பாதி! முதல் நாவலைப் படித்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. கதாநாயகன் கமிஷன் கேட்கலாமா? அதுவும் ஐம்பது சதவீதம்? சுஜாதாவின் கணேஷும் ஃபீஸ் வாங்குவான்தான். ஆனால் அது வக்கீல் ஃபீஸ்.

*

அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு ஒரு விடை கடலில் கிடைத்தது. நான் தம்பாவில் இருக்கிறேன். வீட்டுக் காப்பீட்டுக்கான மென்பொருள் எழுதுவது என் வேலை. புயல் வந்தால் எந்த வீட்டுக்கு எவ்வளவு சேதம், யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்று கணக்குப் போடும் நிரல்கள். அதனால் இந்தக் கரையின் வரலாற்றைக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது.

ஃபுளோரிடாவின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்றொரு தீவு. அதையொட்டி நீண்ட பவளப்பாறைத் திட்டு. 19-ஆம் நூற்றாண்டில் அதில் கப்பல்கள் மோதிக்கொண்டே இருந்தன. மோதிய கப்பலை நோக்கி உள்ளூர்ப் படகுகள் பாய்ந்து போகும். ஆட்களைக் காப்பாற்றி, சரக்கைக் கரைசேர்ப்பார்கள். பிறகு நீதிபதி முன்னால் நின்று பங்கு கேட்பார்கள். 1828-இலேயே அங்கே ஒரு நீதிமன்றம் வந்துவிட்டது. ஆபத்து எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்று பார்த்து, மீட்டவருக்கு இத்தனை பங்கு என்று தீர்ப்பாகும். ஒன்றும் மீட்கவில்லையென்றால் ஒன்றும் கிடையாது. கடல் சட்டத்தில் இன்றைக்கும் அதுதான் அடிப்படை.

மெக்கீயின் ‘மீட்பு’ இந்த மரபிலிருந்து வந்த சொல் என்றே நான் படிக்கிறேன். அவன் துப்பறிவாளனாக இருப்பதைவிடப் பாறையில் மோதிய கப்பலை நோக்கிப் போகும் படகுக்காரனாக இருக்கிறான். முழுகப்போகும் சரக்கில் பாதி திரும்புவது லாபம்தான்.

அவன் குடியிருக்கும் ஊரும் அப்படிப்பட்டதுதான். ஃபோர்ட் லாடர்டேலில் பெரும்பகுதி சதுப்பும் அலையாத்திக் காடுமாக இருந்தது. 1920களின் நிலப் பித்தில், நீளவாக்கில் கால்வாய் தோண்டி, தோண்டிய மண்ணைப் பக்கத்தில் கொட்டி, விரல் விரலாக நிலம் செய்தார்கள். எல்லா மனைக்கும் பின்வாசலில் தண்ணீர், எல்லா மனையும் ‘வாட்டர்ஃப்ரன்ட்’. ‘அமெரிக்காவின் வெனிஸ்’ என்று பெயர். 1926-இல் மயாமியைப் புயல் அடித்ததோடு அந்தப் பித்து தெளிந்தது. பிறகு திரும்ப வந்தது. அடியில் இருப்பது துளை துளையான சுண்ணாம்புப் பாறை. அதனால் இன்றைக்கும் இலையுதிர்காலத்துப் பெரிய ஓதங்களின்போது, ஒரு சொட்டு மழை இல்லாத நாளில், சாக்கடை வழியாகக் கடல் தெருவுக்கு வந்து நிற்கும். இந்த ஊரில் நிலம் என்பதே ஒரு வாக்குறுதிதான்.

*

மெக்கீ கதைகளில் ‘யார் செய்தது’ என்பது பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்துவிடும். ‘எப்படிச் செய்தார்கள்’ என்பதுதான் மர்மம். 1968-இல் வந்த ‘பேல் கிரே ஃபார் கில்ட்’ நல்ல உதாரணம். டஷ் பேனன் என்ற பழைய நண்பன் ஆற்றங்கரையில் சின்னதாகப் படகுத்துறை வைத்துப் பிழைக்கிறான். மனைவி, மூன்று பையன்கள். அந்த நிலம் ஒரு பெரிய திட்டத்துக்குத் தேவைப்படுகிறது. யாரும் கத்தியோடு வருவதில்லை. உள்ளூர் அதிகாரமும் நில வியாபாரமும் சேர்ந்து அவன் தொழிலின் கழுத்தை மெல்ல நெரிக்கின்றன. கடைசியில் அவன் செத்துக் கிடக்கிறான், தற்கொலை என்கிறார்கள்.

பழிவாங்கும் வேலையில் துப்பாக்கியைவிட முக்கியமான ஆயுதம் மேயர். மெக்கீயின் பக்கத்துப் படகுக்காரர், பொருளாதார நிபுணர். அவருடைய படகின் பெயர் ‘ஜான் மேனார்ட் கெய்ன்ஸ்’. அது வெடித்துச் சிதறிய பிறகு வாங்கியதற்கு ‘தார்ஸ்டீன் வெப்லன்’. பங்குச்சந்தையில் ஒரு தூண்டிலை எப்படிப் போடுவது, பேராசைக்காரன் எந்த விலையில் வந்து கடிப்பான் என்று மேயர் பக்கம் பக்கமாக விளக்குவார். இந்தப் பக்கங்களைத் தாண்டிப்போகும் வாசகர்கள் உண்டு. எனக்கு அவைதான் நாவலின் உச்சம். பத்து வருஷமாகக் கோடு எழுதுகிறவன் என்பதாலோ என்னவோ, ஒரு பிழை எந்த வரியில் நுழைந்து எந்த வரியில் வெடித்தது என்று யாராவது பொறுமையாகக் காட்டும்போது எனக்குச் சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும் ரசிக்க முடியாது. மெக்கீ பெண்களை நடத்தும் விதம் இன்று வாசிக்கும்போது நெளியவைக்கிறது. காயம்பட்ட பெண், படகு, சில வாரக் காதல், குணமடைதல் என்று ஒரு வாய்பாடே இருக்கிறது. கொஞ்சம் அதிகமாக நேசித்துவிட்டால் அவள் செத்துப்போகவும் வாய்ப்பு அதிகம். அமெரிக்கத் தேசியப் புத்தக விருது வாங்கிய ‘தி கிரீன் ரிப்பர்’ தொடங்குவதே அப்படி ஒரு சாவில்தான். பணம் எப்படிப் பறிபோகிறது என்று அத்தனை நுட்பமாகப் பார்த்தவருக்கு இது கண்ணில் படவில்லை.

*

நான் இந்த நாவல்களை விடாமல் படித்ததற்குக் காரணம் ஃபுளோரிடா மட்டுமல்ல. 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடின. எங்கள் ஊரில் ஒன்று. நூற்றுக்கு இரண்டு வட்டி. அப்பா கணக்கு எழுதும் உத்தியோகத்தில் இருந்தவர். அக்கா கல்யாணத்துக்கென்று சேர்த்த 1,40,000 ரூபாயை அதில் போட்டிருந்தார். ஒருநாள் காலை ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் கூட்டம், அழுகை, கல்வீச்சு. அப்பா கல்லெறியவில்லை. பாண்டு பேப்பர்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தார்.

1997-இலேயே வைப்பீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் கொண்டுவந்திருந்தது. சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டு, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக்கொடுக்க வழி உண்டு. பல வருஷம் கழித்து அப்பாவுக்கு 31,000 ரூபாய் வந்தது. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். இவ்வளவாவது வந்ததே என்று அம்மா சந்தோஷப்பட்டார். அப்பா அந்தக் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“பணம் போனதுகூடப் பரவால்லடா. நாங்க அஞ்சாயிரம் பேரு கொண்டுபோய் கொட்டுனோம். அது எங்க போச்சு, யாரு மூலமாப் போச்சு, எந்த வருஷம் போச்சுன்னு ஒருத்தன் உக்காந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கக்கூடாதா?”

“அவன் ஜெயிலுக்குப் போயிட்டானேப்பா.”

“அவன் ஜெயிலுக்குப் போனா எனக்கு என்னடா? எனக்குக் கணக்கு வேணும்.”

மெக்கீயிடம் வருகிறவர்களுக்குப் பணம் பாதிதான் திரும்புகிறது. ஆனால் கணக்கு முழுசாகத் திரும்புகிறது. யார், எப்படி, எந்தக் கையெழுத்தால், எந்தப் பலவீனத்தைப் பிடித்து என்று கடைசிப் பக்கத்துக்குள் எல்லாம் தெரிந்துவிடும். ஏமாந்தவருக்கு அதன் பிறகுதான் தூக்கம் வருகிறது. தான் முட்டாள் இல்லை, எதிரே இருந்த இயந்திரம் பெரியது என்று தெரிகிற தூக்கம். துப்பறியும் கதை தரும் ஆறுதல் நீதி என்று நினைத்திருந்தேன். அப்பாவைப் பார்த்த பிறகு, அது விளக்கம்தான் என்று படுகிறது.

*

மெக்டொனால்டுக்கே மெக்கீ போதாமல் போன ஒரு இடம் உண்டு. 1977-இல் அவர் ‘கான்டோமினியம்’ எழுதினார். அதில் மெக்கீ கிடையாது. மெக்ஸிகோ வளைகுடாவை ஒட்டிய ஒரு தீவில், ஓய்வுபெற்றவர்கள் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய அடுக்ககம். பராமரிப்புக் கட்டணம் திடீரென்று ஏறுகிறது. விசாரித்தால் ஒப்பந்தத்தில் எல்லாம் சட்டப்படி. கட்டுமானம் மட்டம். ஒரு பொறியாளர் கணக்குப் போட்டு எச்சரிக்கிறார். புயல் வருகிறது. இதில் போய் முகத்தில் குத்த ஒரு ஆள் கிடையாது. பில்டர், வங்கி, அனுமதி கொடுத்தவர், மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவர் என்று தவறு எல்லோரிடமும் சில்லறை சில்லறையாக இருக்கிறது.

2021 ஜூன் 24, அதிகாலை. ஃபோர்ட் லாடர்டேலுக்குத் தெற்கே, மயாமி பக்கத்தில் சர்ஃப்சைடு என்ற கடலோர ஊரில், 1981-இல் கட்டிய 12 மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. 98 பேர் செத்தார்கள். புயல் இல்லை, பூகம்பம் இல்லை. 2018-இலேயே ஒரு பொறியியல் அறிக்கை வந்திருந்தது. நீச்சல் குளத்துத் தளத்தைச் சரிவில்லாமல் தட்டையாகப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் வடியாமல் நிற்கிறது, கீழே கான்கிரீட் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அதில் இருந்தது. பழுதுபார்க்க 1.5 கோடி டாலர் ஆகும், யார் தலையில் எவ்வளவு என்று குடியிருப்போர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறிக்கை பொதுவில் கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் படித்தேன். துப்பறியும் கதையைத் தலைகீழாகப் படிப்பது போல இருந்தது. தடயம், காரணம், விளக்கம் எல்லாம் முதலில் வந்துவிட்டன. சாவு மட்டும்தான் கடைசியில். மெக்கீ வர வேண்டிய அவசியமே இல்லாத வழக்கு. படிக்க ஆள் இருந்தது, உடனே செய்ய ஆள் இல்லை.

2022-இல் நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு ஒப்புக்கொள்ளப்பட்டது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய அடுக்ககங்களைக் கட்டாயமாக ஆய்வு செய்யவேண்டும், பழுதுக்கென்று பணம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்று மாநிலச் சட்டமும் வந்தது. அதன் பிறகு கட்டணங்கள் ஏறின. ஓய்வூதியத்தில் வாழும் பலரால் அதைக் கட்ட முடியவில்லை. ‘கான்டோமினியம்’ நாவலின் முதல் அத்தியாயங்கள் மறுபடியும் நடக்கின்றன.

எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் ‘போஸ்ட்மார்ட்டம்’ எழுதுவோம். யார் என்று கேட்கக்கூடாது, எப்படி என்று மட்டும்தான் கேட்கலாம் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அதை நாங்கள் எங்களுக்குள்தான் எழுதி வைத்துக்கொள்கிறோம். இழந்தவர் கைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேருவதில்லை. நான் எழுதும் நிரலும் புயலில் கூரை போனவருக்கு ஒரு தொகையையும் ஒரு குறியீட்டு எண்ணையும்தான் அனுப்புகிறது. போன மாதம், மறுக்கப்பட்ட தொகை ஒவ்வொன்றுக்கும் காரணத்தை வாக்கியமாக எழுதி அனுப்பலாம் என்று ஒரு முன்மொழிவு வைத்தேன். சட்டப்பிரிவு யோசித்துக்கொண்டிருக்கிறது.

இந்த வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவுக்கு ‘பேல் கிரே ஃபார் கில்ட்’ கதையைச் சொன்னேன். பேனனின் ஆற்றங்கரை, மேயரின் தூண்டில், விதவைக்குத் திரும்பி வந்த பணம் எல்லாம். இடையில் ஒரு தடவைகூட கொலைகாரன் யார் என்று அவர் கேட்கவில்லை. முடித்ததும், “பாதி எடுத்துக்குவானா அவன்?” என்றார்.

“வழக்கமா அதான்பா அவன் ரேட்டு.”

“நியாயம்தான்,” என்று கொஞ்ச நேரம் யோசித்தார். “எழுதிக் கொடுப்பானா?”