ஒரு லேப் 440 ரூபாய்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, வீட்டுல யாராச்சும் படிச்சிட்டா வம்பாயிடும்னு தள்ளிப் போட்ட மேட்டர் இது. இப்போ வீட்டுக்கே தெரிஞ்சு போச்சு. அதனால தைரியமா எழுதறேன் :-)

விஷயம் இதுதான். என்னோட பழைய 160 சிசி பைக்கை எடுத்துக்கிட்டு கோயம்புத்தூர் போய், ரேஸ் ட்ராக்குல ஒரு நாள் ஓட்டிட்டு வந்தேன். "ரேஸா? எத்தனாவது வந்தே?"ன்னு கேக்கறவங்களுக்கு: இது ரேஸ் இல்லீங்க. ட்ராக் டே. காசு கட்டினா ஓட்ட விடுவாங்க. கப்பு கிடையாது, யாரும் நேரம் பாத்து பரிசு தர மாட்டாங்க. போட்டியில கலந்துக்கணும்னா மோட்டார் ஸ்போர்ட்ஸ் ஃபெடரேஷன் லைசென்ஸ் வேணும். நான் போனதுக்கு சாதாரண டிரைவிங் லைசென்ஸே போதுமா இருந்துச்சு.

ஏன் போனேன்னு சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஸ்ரீரங்கத்துல பைக் வச்சிருக்கவன் கஷ்டம் ஸ்ரீரங்கத்துக்காரனுக்குத்தான் தெரியும். உத்திர வீதியில மூணாவது கியர் போட்டா அதுவே பெரிய சாதனை. மாடு, ஆட்டோ, டூரிஸ்ட் வேன், கோலம். அதனால ராத்திரி பதினோரு மணிக்கு மேல நாலு பேரு கிளம்புவோம். கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட், அங்கேருந்து சமயபுரம் பக்கமா ஹைவேஸ். யாரு முதல்ல டீக்கடை சேர்றதுன்னு போட்டி. தோத்தவன் டீ வாங்கித் தரணும். நாலு டீக்கு அம்பது ரூபா. அந்த அம்பது ரூபாய்க்குத்தான் உயிரை வச்சு விளையாடினோம்.

ஒரு நாள், சர்வீஸ் ரோடு பிரியற இடத்துல ரோட்டு ஓரமா மணல் கிடந்துச்சு. எனக்கு முன்னாடி போன நண்பன் விழுந்தான். நான் அவனைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்தினேன். அவ்வளவு ஸ்பீடு. பதறின பதட்டத்துல ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணணும்னு தோணவே எங்களுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. கால்ல பிளேட் வச்சாங்க. ஒரு செமஸ்டர் போச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல அவங்க அப்பா எங்களைப் பாத்து ஒரு வார்த்தை திட்டல. "நீங்க சாப்பிட்டீங்களாப்பா"ன்னுதான் கேட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அதை நெனச்சா சோறு இறங்காது.

அன்னிக்கோட பைபாஸ் ரேஸை விட்டாச்சு. ஆனா ஸ்பீடு மேல இருந்த ஆசை போகல. இதை ஒத்துக்கறதுல எனக்கு வெக்கம் இல்ல. இருபது வயசுப் பையன்கிட்ட "வேகமா போகாதே"ன்னு மட்டும் சொன்னா அது ஒரு காதுல போய் இன்னொரு காதுல வந்துடும். "எங்கே போகலாம்"னு சொன்னாத்தான் ஏறும். 2023 தீபாவளிக்கு நம்ம திருச்சி மாவட்டத்துல ஒருத்தர் பைக்ல பட்டாசைக் கட்டி வீலிங் பண்ணின வீடியோ இந்தியா பூரா ஓடிச்சே, ஞாபகம் இருக்கா? போலீஸ் கைது வரைக்கும் போச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவுல, அனுமதி இல்லாம ரோட்டுல ரேஸ் விட்டா முதல் தடவைக்கே மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். நாங்க மாட்டலைங்கறதால நாங்க யோக்கியன்னு அர்த்தம் இல்ல.

சரி, எங்கே போகலாம்?

நம்ம தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்துல யோகம் ஜாஸ்தி. சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில 1990-லேர்ந்து ஒரு ட்ராக் இருக்கு. 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போடது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அதுக்கு முன்னாடி சோழவரத்துல, உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில ரேஸ் நடத்திக்கிட்டு இருந்தாங்க. இன்னொண்ணு கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல திறந்தாங்க. 2.1 கிலோமீட்டர்.

இந்த "கரி" யாருன்னு தேடிப் படிச்சப்போதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. எஸ். கரிவரதன். கோயம்புத்தூர்க்காரர். ரேஸ் கார்னா வெளிநாட்டுலேர்ந்துதான் வரணும்னு இருந்த காலத்துல, மாருதி 800 எஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதின்னு ஒரு சிக்கனமான ஒத்தை சீட்டு ரேஸ் காரை உருவாக்கினவர். நம்ம தெருவுல காய்கறி வாங்கப் போன அதே எஞ்சின்! 1995-ல ஒரு விமான விபத்துல இறந்துட்டாரு. 2005-ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டினது இந்த ஃபார்முலா மாருதிதான். ஆக, "பட்ஜெட்" ங்கறது இந்த விளையாட்டுக்கு அவமானம் இல்ல. நம்ம ஊர்ல அது வளர்ந்ததே அப்படித்தான்.

திருச்சியிலேர்ந்து கரூர், காங்கேயம் வழியா கோயம்புத்தூர் 210 கிலோமீட்டர் சொச்சம். சென்னையை விடக் கிட்ட. பைக்கை ஓட்டிக்கிட்டே போயிடலாம். முடிவு பண்ணியாச்சு.

அடுத்தது தயாரிப்பு. பாலக்கரை மெக்கானிக் அண்ணன்கிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். "தம்பி, எஞ்சினை நோண்டாதே. நிக்கற வழியைப் பாரு"ன்னாரு. அந்த ஒரு வரிக்கே அவருக்கு ஃபீஸ் தரலாம். முன் பிரேக் பேட் புதுசு, பிரேக் ஆயில் புதுசு. ஏன்னா பழைய பிரேக் ஆயில்ல ஈரம் சேர்ந்திருக்கும். திரும்பத் திரும்ப பிரேக் பிடிச்சு சூடேறினா கொதிச்சு, லீவர் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். பின் டயர் தேய்ஞ்சிருந்துச்சு, மாத்தினோம். எஞ்சின் ஆயில் மாத்தி, செயினை இழுத்துப் பாத்து, எல்லா நட்டையும் ஒரு தடவை முறுக்கினோம். ட்ராக்குல போனதும் கண்ணாடியைக் கழட்டி, ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல டேப் ஒட்டச் சொல்லுவாங்க. விழுந்தா கண்ணாடிச் சில்லு ட்ராக்குல சிதறக் கூடாதுல்ல.

உடம்புக்கு: முழு முகம் மூடற ஹெல்மெட், கிளவுஸ் எங்கிட்டயே இருந்துச்சு. லெதர் சூட் அங்கேயே வாடகைக்கு எடுத்தேன். பூட்ஸ் ஒரு சீனியர்கிட்ட கடன். புதுசா லெதர் சூட் வாங்கணும்னா என் பைக்கையே வித்தாகணும். அதனால முதல் தடவை போறவங்க வாடகைதான் புத்திசாலித்தனம்.

இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் படிச்சேன். பி.காம் படிக்கறதுல ஒரு நன்மை, பொடி எழுத்தைப் பாத்தா பயம் வராது. "ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை" இதுக்கெல்லாம் பாலிசி செல்லாதுன்னு தெளிவா போட்டிருக்கு. ட்ராக் டேல விழுந்தா என் பைசாதான்னு முடிவு பண்ணிக்கிட்டேன். அதனால விழுந்தா சரி பண்ண தனியா 5,000 ரூபாய் எடுத்து வச்சேன். கணக்குப் பாடத்துல வருமே, கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி. பேலன்ஸ் ஷீட்டுக்குள்ள வராது, கீழ குறிப்பா மட்டும் வரும். ஆனா வந்துச்சுன்னா ஆளைக் கவுத்துடும்.

வீட்டுல என்ன சொன்னேன்? "கோயம்புத்தூர்ல ஃப்ரெண்டு வீட்டு விசேஷம்"னு. பொய்தான்.

காலையில ஏழு மணிக்கு ட்ராக். முதல்ல ஒரு பேப்பர்ல கையெழுத்து: எது நடந்தாலும் என் பொறுப்பு. அப்புறம் கொடி பாடம். மஞ்சள் கொடின்னா முன்னாடி ஆபத்து, ஓவர்டேக் கூடாது. சிவப்புன்னா எல்லாரும் நிதானமா பிட்டுக்குத் திரும்பணும். நீலம்னா பின்னாடி வேகமான ஆள் வர்றாரு. கட்டம் போட்ட கொடின்னா ஆட்டம் முடிஞ்சுது. புதுசா வந்தவங்களைத் தனி குரூப்பா பிரிச்சாங்க. பதினஞ்சு நிமிஷம், நாலு தடவை.

முதல் செஷன்ல தெரிஞ்சுது, எனக்கு பைக் ஓட்டவே தெரியலைன்னு. பைபாஸ்ல நான் கத்துக்கிட்டது ஆக்சிலரேட்டர் முறுக்கறது மட்டும்தான். அது குரங்குக்குக் கூட வரும். வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சிடணும், வெளி ஓரத்துலேர்ந்து உள்ள வந்து திரும்ப வெளி ஓரத்துக்குப் போகணும், எங்கே போகணுமோ அங்கே பாக்கணும். சொல்றது ஈசி.

இன்ஸ்ட்ரக்டர் சொன்னப்போ எனக்கு சித்திரைத் தேர்தான் ஞாபகம் வந்துச்சு. தேரை முனையில எப்படித் திருப்புவாங்கன்னு பாத்திருப்பீங்க. வேகமா இழுத்துக்கிட்டு வந்து அப்படியே திருப்ப மாட்டாங்க. முனைக்கு முன்னாடியே முட்டுக்கட்டை போட்டு நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, நேரானதும்தான் வடத்தை இழுக்க விடுவாங்க. சின்ன வயசுலேர்ந்து வருஷா வருஷம் பாத்த பாடத்தை 210 கிலோமீட்டர் தள்ளிப் போய் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன்.

ரெண்டாவது செஷன்ல கொழுப்பு. முன்னாடி போனவரைப் பிடிக்கணும்னு பிரேக்கை லேட்டா போட்டேன். வளைவு வந்துடுச்சு, வேகம் குறையல. வேகம் ரெண்டு மடங்கானா நிக்கற தூரம் நாலு மடங்காகும்னு பிளஸ் ஒன் படிக்கற பிள்ளைக்குத் தெரியும், எனக்கு அந்த செகண்டுதான் தெரிஞ்சுது. ட்ராக்கை விட்டு மண்ணுக்குள்ள நேரா போய், எப்படியோ விழாம நின்னுட்டேன். கை நடுங்குது. சுத்திப் பாக்கறேன்: வெறும் மண்ணு. லாரி இல்ல. சென்டர் மீடியன் இல்ல. எதிர்ல யாரும் வரல. கொடியோட ஒருத்தர் மட்டும் ஓடி வர்றாரு. இதே தப்பை பைபாஸ்ல பண்ணியிருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மூணாவது செஷன்ல வேற ஒருத்தர் விழுந்தாரு. சிவப்புக் கொடி. நாங்க பிட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஆம்புலன்ஸ் அவர் பக்கத்துல நிக்குது. அவரே எழுந்து நடந்து வந்தாரு. சமயபுரம் ரோட்டுல நாங்க திகைச்சு நின்ன அந்தப் பத்து நிமிஷம் ஞாபகம் வந்துச்சு.

இதுக்காக ட்ராக்னா ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2023-ல மட்டும் சென்னை ட்ராக்குல போட்டி நடக்கும்போது ரெண்டு பேர் இறந்திருக்காங்க. ஜனவரியில 59 வயசு அனுபவசாலி ஒருத்தர் கார் ரேஸ்ல, ஆகஸ்ட்ல 13 வயசுப் பையன் பைக் ரேஸ்ல. இது தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடணும்.

இப்போ கணக்கு. காமர்ஸ் பசங்களுக்காக:

கட்டணம் - 6,000
லெதர் சூட் வாடகை - 2,000
பின் டயர் - 2,400
பிரேக் பேட், பிரேக் ஆயில் - 650
எஞ்சின் ஆயில் - 450
பெட்ரோல் (போக, வர, ட்ராக்) - 1,300
சாப்பாடு - 400
மொத்தம் - 13,200

தங்கினது ஃப்ரெண்டு ஹாஸ்டல், ஓசி. ஓட்டினது 30 லேப். சிவப்புக் கொடியால ரெண்டு லேப் போச்சு. ஆக ஒரு லேப் 440 ரூபாய்! ஒரு லேப்புக்கு எனக்கு ஒண்ணே முக்கால் நிமிஷம் கூட ஆகல. காஸ்டிங் படிச்சவங்க சண்டைக்கு வருவீங்க: டயரும் பிரேக்கும் ஆயிலும் எப்படியும் மாத்த வேண்டியதுதானே, அதை ஏன் இதுல சேர்க்கறேன்னு. சரி, 3,500-ஐக் கழிங்க. 9,700. ஒரு லேப் 323. ட்யூஷன் எடுத்து அஞ்சு மாசம் சேர்த்த காசு. வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல முடியாது.

கடைசியா வீடு. திரும்பி வந்த மறுநாள் அம்மா துணி துவைக்கும்போது பேண்ட் பாக்கெட்லேர்ந்து அந்தக் கையெழுத்துப் போட்ட பேப்பரோட காப்பி வந்துச்சு. அப்பாகிட்ட போச்சு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசும் படிச்சாரு. "எது நடந்தாலும்னு போட்டிருக்கான். எது நடந்தாலும்னா எங்களுக்குத்தானேடா நடக்கும்?"னாரு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இன்னும் இல்ல.

அப்புறம் அந்தக் கணக்கு நோட்டைக் காட்டினேன். பைபாஸ் கதையையும் சொன்னேன், முதல் தடவையா. ரொம்ப நேரம் பேசல. "அம்பது ரூபா டீக்கு ஓட்டினதுக்கு இது தேவலாம்"னாரு. அம்மா இன்னும் சரியா பேசல. அடுத்த வருஷம் போறதா இருந்தா சொல்லிட்டுத்தான் போகணும்னு உத்தரவு. அனுமதி கிடைக்கும்னு அர்த்தம் இல்ல :-)

கால்ல பிளேட் வச்ச நண்பன் இப்போ நடக்கறான். போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். "ட்ராக்குக்கு அடுத்த தடவை நானும் வரேன்டா, ஓட்ட இல்ல, கொடி காட்ட"ன்னான். அவனுக்கு டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

டிஸ்கி: மேல இருக்கற கணக்கு நான் போன ஒரு நாளுக்கானது. நீங்க போகும்போது விசாரிச்சுக்கோங்க. இதைப் படிச்சிட்டு யாரும் இன்னிக்கு ராத்திரி கொள்ளிடம் பாலத்துல ப்ராக்டிஸ் பண்ணாதீங்க.