கோபிநத்தம் கோயிலில் ஒரு வன அதிகாரி

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ் காமகெரேயைத் தாண்டி ஹனூரில் நிற்கிறது. கடைப் பலகைகளில் கன்னடம் இருந்தாலும், தமிழில் விசாரித்தால் தமிழிலேயே பதில் கிடைக்கிறது. இதில் ஆச்சரியமில்லை. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமையும்வரை கொள்ளேகால் வட்டாரம் கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997-இல் பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் இன்று ஹனூர் ஒரு தனி தாலுகா.

இந்தச் சாலையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வீரப்பன் காலத்துக் கதை ஒன்று உண்டு. 2002 ஆகஸ்டில் முன்னாள் அமைச்சர் நாகப்பா காமகெரேயிலிருந்து கடத்தப்பட்டார். டிசம்பரில் காட்டில் அவரது சடலம்தான் கிடைத்தது. மலையைக் கடந்து இறங்கினால் பாலாறு. 1993 ஏப்ரல் 9 அன்று இங்கே வெடித்த கண்ணிவெடிகளுக்கு 22 பேர் பலியானார்கள். பாலாற்றிலிருந்து ஒரு சாலை மேட்டூருக்குப் போகிறது. இன்னொன்று காட்டுக்குள் புகுந்து, வீரப்பன் பிறந்த கோபிநத்தத்துக்குப் போகிறது.

இந்தத் தமிழ்க் கிராமத்தின் மாரியம்மன் கோயிலில் சாமி படங்களோடு ஒரு வன அதிகாரியின் படமும் இருக்கிறது. பெயர் பி. ஸ்ரீனிவாஸ். ஆந்திராவின் ராஜமுந்திரிக்காரர். வீரப்பனைத் தேடி வந்த அவர், துப்பாக்கியை மட்டும் நம்பவில்லை. அந்த ஊரிலேயே தங்கினார். மருந்துக்கு வழி செய்தார், வீடுகள் கட்ட உதவினார், கோயிலை எழுப்பித் தந்தார். வீரப்பனின் ஆட்கள் சிலர் சரணடைந்தார்கள். வீரப்பனும் சரணடைய விரும்புவதாகத் தகவல் வந்தது. அதை நம்பி ஆயுதமில்லாமல் காட்டுக்குள் நடந்தார். 1991 நவம்பர் 10 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார், தலையும் துண்டிக்கப்பட்டது. அரசு அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது அளித்தது.

உலகெங்கும் இன்று சமரசப் பணிக்கென்றே பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. எதிராளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது, நம்பிக்கையை வளர்ப்பது, பேச்சுவார்த்தையில் பொறுமை காப்பது எல்லாம் பாடங்கள். துப்பாக்கிச் சத்தம் ஓய்வது மட்டுமே சமாதானம் ஆகாது என்பது நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங் 1960-களிலேயே சொன்னது. சண்டைக்குக் காரணமான அநீதியும் போக வேண்டும் என்றார் அவர். ஸ்ரீனிவாஸின் மருந்தும் வீடும் கோயிலும் அந்தத் திசையில் வைத்த அடிகள்தான்.

அவருக்குப் பின் வந்தது வேறு வழி. வீரப்பனைத் தேடும் பெயரில் கிராமத்து ஜனங்கள் அதிரடிப்படை முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். மாதேஸ்வரன் மலையில் சித்திரவதை நடந்த இடத்துக்கு 'ஒர்க்‌ ஷாப்' என்று பெயர். தேசிய மனித உரிமை கமிஷன் அமைத்த சதாசிவா குழு புகார்களை விசாரித்தது. 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் தரும்படி கமிஷன் 2007-இல் பரிந்துரைத்தது. அதற்குள் வீரப்பன் இறந்து (2004 அக்டோபர் 18) இரண்டு ஆண்டுகள் தாண்டிவிட்டன.

ஸ்ரீனிவாஸ் தோற்றுப்போனார் என்று சொல்லலாம். நம்பிய இடத்தில் உயிர் போனது. ஆனால் காட்டுக்குள் சீருடையில் வந்துபோன எத்தனையோ பேரில், கோபிநத்தம் தன் கோயிலுக்குள் இடம் கொடுத்திருப்பது அவருக்குத்தான்.