சிணுங்கும் பெட்டி

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்ட மலர்க்குழுவினர், தாய்மொழியின் சிறப்பு, திருக்குறளின் மாண்பு என இரு தலைப்புக்களைத் தாமே முன்மொழிந்தனர். அவற்றை என்னினும் நன்கு எழுதவல்ல ஆசிரியப் பெருமக்கள் இம்மலரில் உளர். ஆதலால், சென்ற ஐப்பசியில் எமது பாடசாலை வாயிலில் எழுந்த ஓர் இரைச்சலைப் பற்றி எழுத விழைகின்றேன். மலர்க்குழுவினர் பொறுத்தருள்க.

எமது வகுப்புக்கள் சனிக்கிழமைகளில் ஜேர்மன் பாடசாலை ஒன்றின் கட்டடத்தில் நடைபெறுவதை வாசகர் அறிவர். அக்கட்டடத்தின் பொறுப்பாளர் நல்ல மனிதர். எனினும் ஒழுங்கு தவறுவதைப் பொறாதவர். அவர் ஒரு நாள் எமது நிருவாகியிடம் வந்து, வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் கார் ஒன்றினால் தம் வீட்டுச் சாளரக் கண்ணாடிகள் நடுங்குவதாகவும், மீண்டும் இவ்வாறு நிகழின் நகரசபைக்கு எழுத நேரும் என்றும் கூறிச் சென்றார். கட்டடம் கைவிட்டுப் போனால் இத்தனை பிள்ளைகளையும் எங்கே கொண்டுசெல்வது? அன்று மாலையே கூட்டம் கூடியது. "அந்தக் கார் இனி இந்த வளவுக்குள் வரக்கூடாது" என்பது முடிவு.

கார் என் வகுப்பு மாணவனுடையது. பன்னிரண்டாம் ஆண்டில் பயில்பவன். சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று மூன்று மாதமும் ஆகவில்லை. விடுமுறையில் பண்டகசாலை ஒன்றில் பெட்டி தூக்கிச் சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் பின்பெட்டியில், சப்வூபர் என்று இளைஞர் கூறும் அடியொலிபெருக்கிகள் இரண்டைத் தன் கையாலேயே பொருத்தியிருந்தான். கூட்டத்தின் முடிவைக் கேட்டதும், "அப்ப நானும் இனித் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகேல்லை" என்று தாயாரிடம் சொல்லிவிட்டானாம். முதலாம் ஆண்டில் முப்பது பேர் சேர்ந்த வகுப்பு அது. பன்னிரண்டாம் ஆண்டை எட்டியவர் ஐவரே. ஐவர் நால்வராவதை நான் விரும்பவில்லை. இரு வாரத் தவணை கேட்டுப் பெற்றுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, பாடசாலைக்கு அப்பால் தெருவோரத்தில் காரை நிறுத்திவிட்டுத் தாயாரின் வற்புறுத்தலால் வந்திருந்தான். இடைவேளையில் அவனிடம் சென்றேன். ஏச வருகிறேன் என்றே எண்ணியிருப்பான். "தம்பி, எஞ்சினை இயக்கிப் பாட்டைப் போடும், கேட்போம்" என்றேன். அடித்தொனியின் முதல் அதிர்வு நெஞ்சில் விழுந்தபோது, என் கால்கள் என்னைக் கேளாமலே ஓரடி பின்வாங்கின. அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

நிற்க. என் செவியில் பட்டது அந்த அதிர்வு மட்டுமன்று. பாட்டை நிறுத்திய பின்னரும் மெல்லிய சிணுங்கல் ஒன்று பெட்டியிலிருந்து வந்துகொண்டேயிருந்தது. முடுக்கியை மிதிக்கச் சொன்னேன். சிணுங்கலின் சுருதி ஏறியது. காலை எடுக்கச் சொன்னேன்; இறங்கியது.

அந்த ஒலியை நான் முன்பே அறிவேன். 1990 முதல் யாழ்ப்பாணத்தின் மீதிருந்த பொருளாதாரத் தடையில் மின்கலங்களும் அடங்கின. செய்தி கேட்பதற்கு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் கொடுத்தோம். சுழற்றுவது என் பணி. கேட்பது பெரியோர் பணி. டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவது நேரோட்டம். இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் இட்டு அதனைச் சீராக்குவோம். கொள்ளளவி போதாதெனின், செய்தியின் அடியில் ஒரு முனகல் கேட்கும். கை விரைந்தால் அது ஏறும், தளர்ந்தால் இறங்கும். காரின் மின்பிறப்பாக்கியும் அத்தகைய டைனமோவே. அதன் ஓட்டத்தைச் சீராக்கிய பின்னரும் சிற்றலைகள் எஞ்சுகின்றன. அவை ஒலிப்பாதையினுள் நுழைய எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது என்று அவனிடம் கூறினேன்.

"சேர், உங்களுக்கு இதெல்லாம் தெரியுமோ?" என்றான். என்னைத் தமிழும் சமயமும் மட்டும் அறிந்தவன் என்றே அவன் எண்ணியிருந்தான். ஊரில் நான் கற்பித்தது பௌதிகவியல். இந்நாட்டுக்கு வந்த பின் அதனைக் கற்பிக்கும் வாய்ப்பு எனக்கு நேரவில்லை.

அடுத்துப் பின்பெட்டியைத் திறந்தோம். அம்பிளிபயரை எமது பாடநூல்கள் விரியலாக்கி என்றன. அச்சொல்லையே அவனுக்கும் கொடுத்தேன். விரியலாக்கியை நிறுத்தி, வானொலியிலிருந்து வரும் இரு குறிகைக் கம்பிகளையும் கழற்றி, மீண்டும் இயக்கினோம். சிணுங்கல் இல்லை. ஆகவே விரியலாக்கி தன்னளவிற் குற்றமற்றது. இன்னொன்றும் கவனித்தேன். அடியொலிபெருக்கிக்கு உரியன ஏறத்தாழ 20 முதல் 80 அல்லது 100 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களே. சிணுங்கல் அதனினும் உயர்ந்தது. வடிப்பான் தன் வேலையைச் செய்திருந்தால் அது கதவிலுள்ள சிறு ஒலிபெருக்கிகளிற் கேட்கலாம். பெரும் பெட்டியிற் கேட்கலாகாது. பார்த்தால், வடிப்பானின் ஆளியை அவன் அணைத்தே வைத்திருந்தான். "சத்தம் காணாது, சேர். அதுதான்" என்றான்.

சாளரங்கள் நடுங்குவதாகப் பொறுப்பாளர் முறையிடுகிறார். சத்தம் காணாதென்று உரியவன் முறையிடுகிறான். இருவரும் பொய் கூறவில்லை என்பதே இதிலுள்ள வேடிக்கை.

அதற்கு விடை காணுமுன், பற்றரியிலிருந்து வரும் சிவப்புக் கம்பியைப் பின்தொடர்ந்து முன்பக்கம் சென்றேன். அங்கே கண்டது எனக்கு அச்சமூட்டியது. பற்றரியின் அருகில் உருகி இல்லை. எஞ்சின் அறைக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தகட்டுத் துவாரத்தினூடாக, றப்பர் வளையமும் இன்றி, கம்பி வெறுமனே சென்றது. தகட்டின் விளிம்பு அதன் உறையை ஏற்கெனவே தேய்த்திருந்தது. "அம்பிளிபயரிலை பியூஸ் இருக்குத்தானே, சேர்?" என்றான். அந்த உருகி விரியலாக்கியைக் காக்கும்; கம்பியை யார் காப்பது? உறை கிழிந்து செம்பு தகட்டைத் தொட்டால், கார்ப் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரு நொடியிற் கொட்டும். கம்பி பழுக்கச் சிவக்கும், விரிப்புப் பற்றும். கம்பிக்குரிய உருகி பற்றரியிலிருந்து ஒரு முழத்துக்குள், அதாவது ஏறத்தாழ 45 சென்ரிமீற்றருக்குள் இருத்தல் வேண்டும். அந்தக் காரில்தான் தன் தங்கையையும் அவன் ஒவ்வொரு சனியும் ஏற்றி வந்தான். அவ்விடத்திலேயே, முதலில் மறை முனையையும் பின்னர் அச்சிவப்புக் கம்பியையும் கழற்றுவித்து, கம்பியின் நுனியை நாடாவாற் சுற்றிய பின்னரே மறை முனையை மீளப் பூட்டினேன். அன்று அவன் பாட்டின்றி வீடு சென்றான்.

மறுவாரம் வகுப்பு முடிந்தபின், கைத்தொழிற் பேட்டையில் நண்பர் ஒருவரின் வாகனத் திருத்தகத்துக்குச் சென்றோம். ஞாயிறு இந்நாட்டில் அமைதி நாள். அன்று இப்பணியை எண்ணியும் பார்க்கலாகாது. வகுப்பின் ஏனைய நால்வரும் உடன் வந்தனர். நான் அழைக்கவில்லை.

முதலில் சத்தம் காணாமையை ஆராய்ந்தோம். ஒலிபெருக்கிகளின் சுருள்களைப் பன்மானியால் அளந்தோம். 4 ஓம் என்று குறித்த சுருள் 3.5 அளவிற் காட்டுதல் இயல்பு. இரண்டும் அவ்வாறே காட்டின. கூம்பை விரல்களால் மெல்ல அழுத்தினேன், உராய்வு இல்லை. பின்பு 1.5 வோல்ற்று மின்கலம் ஒன்றை எடுத்து, பெட்டியின் கம்பிகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் முனைகளிலும் ஒரு கணம் தொட்டோம். நேர் முனை நேர் முனையைத் தொட்டால் கூம்பு வெளித்தள்ள வேண்டும். ஒன்று வெளியே தள்ளியது. மற்றது உள்ளே சென்றது. பெட்டியினுள் ஒரு கம்பியிணை மாறியிருந்தது! ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றது அதனை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் எதிர் அவத்தையில் நின்று ஒன்றையொன்று அழித்தன. காணாத ஒலிக்கு ஈடாக அவன் திருகியைக் கூட்டினான், வடிப்பானை அணைத்தான், உட்பெறும் குறிகைக்கு ஏற்ப ஒருமுறை மட்டும் அமைத்துவிட்டு விடவேண்டிய 'கெயின்' திருகியையும் எல்லைவரை முறுக்கினான். அலையின் முகடுகள் வெட்டுண்டு கரகரத்தன. பின்கதவும் இலக்கத்தகடும் சடசடத்தன. பொறுப்பாளர் கேட்டதிற் பெரும்பகுதி அந்தத் தகட்டின் குரலே என்பது என் கணிப்பு.

அடுத்து, சிணுங்கல். கறுப்புக் கம்பி, அதாவது புவித்தொடுப்பு, பின்பெட்டியின் அடித்தகட்டில் ஓர் ஆணியால் முறுக்கப்பட்டிருந்தது. அதன் தடையைப் பன்மானியால் நேரே அளக்கப் புகுந்தான் மாணவன் ஒருவன். பன்மானியின் கம்பிகளுக்கே ஓமின் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு தடை உண்டு. நாம் தேடுவதோ அதனினும் சிறியது. ஆதலால் ஓட்டம் பாயும்போது அழுத்த இழப்பை அளக்க வேண்டும். எஞ்சினை இயக்கி, கைத்தொலைபேசியிலிருந்து 50 ஹேர்ட்ஸ் தொனி ஒன்றைச் சீராக ஒலிக்கவிட்டு, நீண்ட கம்பி ஒன்றால் பற்றரியின் மறை முனைக்கும் விரியலாக்கியின் புவி முனைக்கும் இடையே அளந்தோம்: 1.4 வோல்ற்று. ஓட்டம் 35 அம்பியர் எனக் கொண்டால் தடை 0.04 ஓம். "இவ்வளவு சிறிய தடையா, சேர்?" என்றனர். சிறிதுதான், ஆனால் பற்றரியில் 14.2 வோல்ற்று இருக்க, சிவப்புக் கம்பியில் 0.7, புவித்தொடுப்பில் 1.4 போக, விரியலாக்கிக்கு எஞ்சியது 12.1 மட்டுமே. அன்றியும், நேர்வழி தடைப்பட்ட ஓட்டத்தின் ஒரு பகுதி குறிகைக் கம்பியின் உறைவலை வழியே வானொலிக்குத் திரும்புகிறது. மின்பிறப்பாக்கியின் சிற்றலை அந்த வழியாகவே இசையினுள் ஏறியது.

ஆணியைக் கழற்றினோம். அடியிற் பளபளவென்று தீந்தை. காரின் நிறப்பூச்சின் மேலேயே இணைத்திருந்தான்! வெள்ளித் தகடு தோன்றும்வரை அரத்தாள் கொண்டு தேய்ப்பித்தேன். இணையவழி வாங்கிய கம்பியின் நுனியை வெட்டிப் பார்த்தால், மேலே செப்பு முலாம், உள்ளே அலுமினியம். அதனை எறிந்து, 16 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி இட்டோம். பற்றரியருகே 40 அம்பியர் உருகி, துவாரத்துக்கு றப்பர் வளையம். குறிகைக் கம்பிகளைக் காரின் மறுபக்கமாகக் கொண்டுசென்றோம். இலக்கத்தகட்டின் பின்னே இறப்பர்ப் பட்டி ஒட்டினோம்.

வேலை நடக்கும்போது ஓம் என்பது யாருடைய பெயர் என்று கேட்டேன். ஐவரும் ஜேர்மன் பாடசாலையிற் பயில்பவர். விதி தெரிந்திருந்தது, மனிதரைத் தெரியவில்லை. கேயோர்க் சைமன் ஓம் 1817இலிருந்து கேள்ன் நகரில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். அங்கே வகுப்பெடுத்த காலத்திற் செய்த பரிசோதனைகளிலிருந்தே 1827இல் வெளிவந்த அவரது நூல் பிறந்தது. நூலுக்குத் தொடக்கத்தில் வரவேற்பில்லை. 1841இல் இலண்டன் றோயல் சங்கம் பதக்கம் அளித்தது. இக்கதையை ஊரிலும் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். அவரது நாட்டிலேயே, திருத்தகத்தின் தரையில் முழந்தாளிட்டு, கையில் அரத்தாளுடன் சொல்லுவேன் என்று அன்று நினைத்ததில்லை.

மாலை ஆறு மணிக்கு எஞ்சினை இயக்கினோம். சிணுங்கல் இல்லை. திருகியை முன்பிருந்ததிற் பாதிக்கும் குறைவாக வைத்தபோதே தவிலின் தொப்பி காருக்குள் நிறைந்தது. வெளியே நின்று கேட்டேன். தகடு வாய் திறக்கவில்லை. இருந்தும், 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீற்றர் என்பதையும், அதற்குச் சுவரும் சாளரமும் ஒரு பொருட்டன்று என்பதையும் அவனுக்குக் கூறினேன். பாடசாலை வளவினுள் பெட்டியின் திருகியை முற்றாகக் குறைப்பதாக ஒப்புக்கொண்டான். நிருவாகி அதனை எழுத்திற் கேட்டார், எழுதிக் கொடுத்தான். பொறுப்பாளர் அதன்பின் முறையிடவில்லை.

அன்றைய அளவீடுகளை அவன் கொப்பித் தாளில் அட்டவணையாக எழுதித் தந்தான். புவித்தொடுப்பில் அழுத்த இழப்பு: முன் 1.4, பின் 0.2. சிவப்புக் கம்பியில்: முன் 0.7, பின் 0.3. விரியலாக்கியில் அழுத்தம்: முன் 12.1, பின் 13.7. அவத்தை, மீடிறன், விரியலாக்கி எல்லாம் பிழையின்றி இருந்தன. 'உருகி' என்பதை மட்டும் 'உறுகி' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் திருத்தி, கீழே ஒப்பமிட்டு, திகதியும் இட்டுக் கொடுத்தேன்.