கைகொடுத்து ஏற்றியவர்களுக்கு

காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஓடும் கப்பலில் வேலை செய்யும் தம்பி, தங்கைமாருக்கும், இரண்டு கரையிலும் எங்கள் பொதிகளைத் தூக்கி ஏற்றி இறக்கும் தொழிலாளருக்கும்,

தெல்லிப்பழையிலிருந்து எழுதுகிறேன். உங்களில் ஒருவருடைய பெயரையும் நான் கேட்டுவைக்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒருவருக்கு மட்டும் எழுதியிருக்க மாட்டேன். என் அம்மாவைக் கரைசேர்த்தது ஒரு கை அல்ல, பல கைகள். நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தவற்றை அடுத்து ஏறப்போகிறவர்களும் அறிய வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது, ஏறினால் சிறிது நேரத்தில் இறங்கிவிடலாம் என்று பிள்ளைகள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். "நான் கப்பலிலதான் போவன்" என்று ஒரே பிடி. ஏன் என்று அவ விளக்கவில்லை. எங்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அம்மா மயிலிட்டிக்காரி. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது ஊர் முழுவதும் ஓடியது. நாங்கள் மன்னார்க் கரையிலிருந்து, ஆட்கள் அளவுக்கு மிஞ்சி ஏறிய ஒரு வள்ளத்தில், இருட்டில் இராமேஸ்வரம் பக்கம் போய்ச் சேர்ந்தோம். விளக்கு இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. குழந்தைகள் அழுதால் வாயைப் பொத்தச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்களை அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். விடிந்து யாராவது மீனவர் கண்டால்தான் வழி. பிறகு மண்டபம் முகாம். வருடங்கள் கழித்து அம்மா ஊருக்குத் திரும்பினா. அவவின் தங்கை, எங்கள் சின்னம்மா, திருச்சிப் பக்கத்து முகாமிலேயே தங்கிவிட்டா. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றிய நிலத்தில் ஒரு பகுதியும் 2017 ஆடியில்தான் மக்களிடம் திரும்பி வந்தன.

அந்தக் கடலை ஒரு தடவையாவது பகலில், தன் பெயரில், கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, கதிரையில் இருந்தபடி கடக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. அந்த ஆசையை நிறைவேற்றிவைத்தவர்கள் நீங்கள்.

இந்தப் பாதை எவ்வளவு பாடுபட்டுத் திறந்தது என்பதை எங்கள் தலைமுறை அறியும். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் போர் தொடங்கிய காலத்தில் நின்றது. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஒரு பெரிய கப்பலை விட்டார்கள். அது சில மாதங்களே ஓடியது. காங்கேசன்துறையிலோ போருக்குப் பின் முதலில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை அகற்ற வேண்டியிருந்தது. 2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து 'செரியபாணி' என்ற கப்பல் வந்தது. ஒரு கிழமைக்குள் வாடைக்காற்றைக் காரணம் காட்டி நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பல் புறப்பட்டது. மழைக்காலத்தில் ஓய்ந்து, 2025 பெப்ரவரியில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் "இனி அவ்வளவுதான்" என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவிலும் கயிறு கட்டி, கயிறு அவிழ்த்து, அந்த நூற்றைம்பது கதிரைகளையும் துடைத்துவைத்தவர்கள் நீங்கள்.

இனி அன்றைய பயணத்துக்கு வருகிறேன்.

காங்கேசன்துறையில் பொதி ஏற்றிய அண்ணை ஒருவர் அம்மாவின் பெட்டியைக் கையில் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "மருந்துகள் இதுக்குள்ளயோ?" ஆம், இரத்த அழுத்தக் குளிசை, சீனிக் குளிசை எல்லாம் அதற்குள்தான் இருந்தன. "பெட்டி உள்ளுக்கு அடுக்கினால் நாகப்பட்டினத்திலதான் கையில வரும், எடுத்துக் கைப்பையில வையுங்கோ" என்று சொல்லி, நாங்கள் எடுத்து முடிக்கும்வரை வரிசையை மறித்துக்கொண்டு நின்றார். பெரிய உல்லாசக் கப்பல்களில் போகிறவர்களுக்கும் இந்த அறிவுரை பொருந்தும். அங்கே பெட்டி அறைக்கு வந்து சேரப் பல மணி நேரமாகலாம். மருந்து, மருந்துச்சீட்டு, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு, கடவுச்சீட்டின் பிரதி ஆகியவை உங்கள் தோளிலேயே தொங்கட்டும்.

ஏறும் இடத்தில் அம்மாவின் விரல்களை நான் பிடித்திருந்தேன். உங்களில் ஒரு தம்பி என் கையை விலக்கிவிட்டு, அவவின் முன்கையை மணிக்கட்டுக்கு மேலே பிடித்து, அவவின் கையையும் தன் முன்கையைப் பிடிக்க வைத்தார். விரல் வழுக்கும், முன்கை வழுக்காது என்றார். கப்பல் அலையில் எழும்பித் தாழ்வதைச் சற்று நேரம் பார்க்கவிட்டு, அது நிலைக்கு வந்த கணத்தில் "இப்ப வைங்க பாட்டி" என்று சொன்னார். வயதானவர்களோடு போகும் எல்லோரும் இதை வீட்டிலேயே இரண்டு தரம் பழகிக்கொள்ளலாம்.

வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரியும்வரை அம்மா நன்றாகத்தான் இருந்தா. பிறகு பாக்கு நீரிணையின் குணம் தெரிய ஆரம்பித்தது. ஆழம் குறைந்த கடல். அலை நீண்டு உருளாது, கிட்டக் கிட்ட வந்து குத்தும். நாங்கள் நல்ல காட்சி தெரியட்டும் என்று முன்வரிசையில் இருந்தோம். அம்மா பேச்சை நிறுத்தினா. உதடு வெளுத்தது. நான் கவனிப்பதற்கு முன் உங்கள் தம்பி கவனித்துவிட்டார்.

"பாட்டி, இங்க வேணாம். நடுவுல வாங்க, கொஞ்சம் பின்னாடி."

"ஏலாது தம்பி, வயித்தைப் பிரட்டுது."

"நான் பிடிச்சுக்கிறேன். கண்ணை மூடாதீங்க. அந்தா, கடலும் வானமும் சேர்ற கோடு தெரியுதா? அதையே பாருங்க."

கப்பலின் முன்பக்கம்தான் அதிகமாக ஏறி இறங்குகிறது, நடுப்பகுதி குறைவாக ஆடுகிறது என்பதை அப்போதுதான் உடம்பால் உணர்ந்தேன். காது ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ அசையாத சுவரையும் கதிரையையும் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். தொலைவில் அடிவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் சமாதானமாகின்றன. பெரிய கப்பலில் அறை பதிவு செய்கிறவர்களும் இதே கணக்கைப் பார்க்கலாம்: கீழ்த்தளம், நடுப்பகுதி. காட்சிக்காக உச்சித்தளத்தில் முன்பக்க அறை எடுப்பதைவிட அது நல்லது.

ஆனாலும் அம்மா சத்தி எடுத்தா. அந்தத் தம்பி பையைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பாமல் நின்றார். அவவின் முதுகை நீவிவிட்டார். ஈரத்துணி கொண்டுவந்து பிடரியில் வைத்தார். பையைக் கட்டிக் கொண்டுபோய்ப் போட்டு, கைகழுவிக்கொண்டு திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார். அம்மா வெட்கப்பட்டு "மன்னிச்சுக்கொள் அப்பன்" என்றபோது, "என் பாட்டியும் இப்படித்தான், பஸ்லயே எடுப்பாங்க" என்றார். அம்மா சிரித்தா. 1990இல் அந்த வள்ளத்திலும் அவ சத்தி எடுத்தவ. அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் சத்தம் போடாதே என்று அதட்டினார்கள். அவர்களிலும் பிழையில்லை, உயிர்ப்பயம். ஆனால் அம்மா அன்று இரவு நாகப்பட்டினத்தில் படுக்கும்போது இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்திருக்கிறா. "அந்தப் பெடியன் என்ர முதுகைத் தடவினவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. தம்பி, உங்களுக்கு அது வேலையில் ஒரு பகுதி. எங்கள் வீட்டில் அது இன்னும் பேசப்படுகிறது.

உங்களிடமும், அன்று பயணத்தில் உடனிருந்தவர்களிடமும் கேட்டறிந்த இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வெறுவயிற்றில் ஏறாதீர்கள், நெய்யும் எண்ணெயும் மிதக்கச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள். இரண்டு இடியப்பமோ இட்டலியோ போதும். இஞ்சித் துண்டு உதவும். பிரட்டல் தொடங்கிய பிறகு குளிசை போட்டுப் பெரிய பயனில்லை. புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். வயதானவர்களுக்கு அது தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரும் என்பதால் குடும்ப மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் அன்று முதலில் சரிந்தார்கள்.

விசா எடுக்கும்போது அது துறைமுகம் வழியாக, குறிப்பாக நாகப்பட்டினம் வழியாக, உள்நுழைய அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். விமான நிலையத்துக்குச் செல்லும் விசா எல்லாம் துறைமுகத்துக்கும் செல்லும் என்று நினைத்துவிட வேண்டாம். பொதியின் எடைக் கட்டுப்பாடு காலத்துக்குக் காலம் மாறுகிறது, பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே கேளுங்கள். பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் கொண்டுபோகிறவர்கள் இறுகக் கட்டி, சுங்கத்தில் கேட்டால் ஒளிக்காமல் காட்டுங்கள். பச்சைக் கிழங்கையும் விதைகளையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தங்கப்போகும் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு துண்டில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். நாகப்பட்டினத்துப் பணிப்பெண் ஒருவர் அம்மாவின் படிவத்தை அந்தத் துண்டைப் பார்த்தே நிரப்பித் தந்தார். பயணம் நாலு மணி நேரம் என்றாலும் முன்னும் பின்னும் குடிவரவு, சுங்கம் என்று நேரம் போகும். மாலையில் இறங்குகிறவர்கள் அன்றிரவே திருச்சிக்கோ சிதம்பரத்துக்கோ ஓட வேண்டாம். வேளாங்கண்ணியும் நாகூரும் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஓர் இரவு தங்கலாம். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. காசை மட்டும் மாற்ற வேண்டும்.

கடல் சரியில்லை என்று நீங்கள் பயணத்தைத் தள்ளிவைக்கும் நாட்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆட்கள் பெட்டியோடு நின்று கோபப்படுவார்கள் என்று தெரிந்தும் அப்படிச் சொல்கிறீர்கள். வாடை வீசும் காலத்தில் எங்கள் வடகரை எப்படிக் கொந்தளிக்கும் என்பது மயிலிட்டியில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கலியாணத்துக்கும் அந்தியேட்டிக்கும் இந்தக் கப்பலை நம்பி நாள் குறிக்காதீர்கள் என்று உறவினருக்குச் சொல்லிவைக்கிறேன். மாசிக்குப் பிறகு, பங்குனி சித்திரையில் கடல் படிந்திருக்கும்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது எங்கள் ஊரே பேசியது. அப்படி வந்து சில மணி நேரம் மட்டும் இறங்கும் விருந்தினருக்கும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாண நகரம் இருபது கிலோமீற்றர் அளவு தள்ளியிருக்கிறது. நல்லூர், நூலகம், கோட்டை மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டால் எதுவும் மனதில் நிற்காது. நல்லூருக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். ஒரு சால்வை கையில் இருக்கட்டும். நேரம் குறைவென்றால் துறைமுகத்துக்கு அருகிலேயே கீரிமலைக் கேணியும் நகுலேஸ்வரமும் மாவிட்டபுரமும் இருக்கின்றன, அவை போதும். ஓட்டோவைத் திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துப் பேசி அமர்த்துங்கள். கப்பல் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைக்குத் திரும்பிவிடுங்கள், அது உங்களுக்காகக் காத்திராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சின்னம்மாவுக்குக் கடவுச்சீட்டு கிடைத்துவிட்டது. முகாம் பதிவில் இருப்பவர்களுக்கு வெளியேறும் அனுமதியும் தேவை. அதற்கும் எழுதிக் கொடுத்திருக்கிறா. கிடைத்ததும் நாகப்பட்டினத்திலிருந்து உங்கள் கப்பலில்தான் வரப்போகிறா. தனியாகத்தான் வருவா. அவவுக்கு இடக்காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசுங்கோ. கேட்டால் பசியில்லை என்பா, ஆனால் பிஸ்கட் கொடுத்தால் சாப்பிடுவா. நடுவில், கொஞ்சம் பின்னுக்கு ஒரு கதிரை கொடுத்தீர்கள் என்றால், இந்தக் கரையில் நானும் அம்மாவும் நிற்போம்.


மயிலிட்டிக்காரியின் மகள்